பஹ்ரைனில் ஓர் ஊறல் சோதனை

குடிக்கிற இடத்துக்குள் வாசல் வழியாக நான் நுழைந்தது பஹ்ரைனில்தான் முதல் முறை. அதற்கு முன் இருபத்தாறு வருடம் பின்பக்கமாகத்தான் போயிருக்கிறேன், ஆள் சுவரேறிக் குதிக்காமல் மறிப்பதற்கு. விழுப்புரம் பக்கம் மதுவிலக்குப் பிரிவில் போலீஸாக இருந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவள் நான். கல்வராயன் மலையில் நான் கவிழ்த்துக் கொட்டிய ஊறல் ஓர் ஏரிக்குக் காணும். ஊறல் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெல்லம், வேலம்பட்டை, அழுகிய பழம் எல்லாவற்றையும் பேரலில் போட்டுப் புளிக்கவிட்ட தண்ணீர். அதைக் காய்ச்சினால் சாராயம். அந்த வாசனை ஒரு முறை மூக்கில் ஏறிவிட்டால் சாகும்வரை போகாது.

இப்படிப்பட்டவளிடம் என் மகள் கயல்விழி போன் போட்டு, "அம்மா, ஒருத்தரைப் புடிச்சிருக்கு. பேரு குமரேசன். ராம்நாடு பக்கம். ஹோட்டல்ல வேலை" என்றாள். கயல் ஈசா டவுனில் ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். "ஹோட்டல்ல இன்னா வேலை?" என்று கேட்டேன். ஒரு வினாடி சும்மா இருந்துவிட்டு, "ஸ்டோர்" என்றாள். விசாரணையில் எங்களுக்கு அந்த ஒரு வினாடிதான் முக்கியம்.

என் வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் இருந்தவர், யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன். அவருக்கும் சேர்த்து நான்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. "நீயே போய்ப் பாத்துட்டு வா" என்று அனுப்பிவைத்தார். சரி என்று சொல்வதற்காக நான் கிளம்பவில்லை. வேண்டாம் என்பதற்கு ஆதாரம் தேடித்தான் கிளம்பினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை போய் இறங்கினேன். பஹ்ரைன் ஒரு கையகல நாடு. விமான நிலையத்திலிருந்து ஈசா டவுன் போவதற்குள், எங்கள் ஊரில் ஒரு டவுன் பஸ் கிளம்பியிருக்காது. டாக்ஸி ஓட்டியவர் பாகிஸ்தான்காரர். வழி நெடுக கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்னடி பாக்கறான்?" என்றேன். அழைத்துப்போக வந்திருந்த கயல் இந்தியில் கேட்டுச் சொன்னாள்: "உன் அம்மா ஏன் என் லைசென்ஸையே முறைச்சுப் பாக்கறாங்க, அதுல ஏதாவது தப்பா இருக்கான்னு கேக்கறாரு." லைசென்ஸில் தப்பு ஒன்றும் இல்லை. போட்டோவில் மீசை இருந்தது, ஆளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

கயலின் ஃப்ளாட் இரண்டாவது மாடி. அரிசி, பருப்பு, முருங்கைக்காய், எங்கள் ஊர் அப்பளம்கூடக் கீழே கடையில் கிடைக்கிறது. காலையில் குப்பூஸ் என்று ஒரு ரொட்டி. நம்ம சப்பாத்தி தடித்துப்போன மாதிரி இருக்கும், சூடாக இருந்தால் தின்னலாம், ஆறிவிட்டால் துணி. பாலைச் சுண்டக் காய்ச்சி ஏலம் தட்டிப் போட்ட கரக் டீயை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. முயற்சி பண்ணிப் பார்த்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் குமரேசன் வந்தான். முப்பது வயசு, மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கிலோ ஷேரி மீனைச் சுத்தம் பண்ணி எடுத்து வந்திருந்தான். பழமும் ஸ்வீட்டும் வாங்கி வராமல் மீனைக் கொண்டு வருகிற மாப்பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன். அவனே கழுவி அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"ஹோட்டல்ல என்ன வேலை?"

"ஸ்டோர் இன்சார்ஜ், மேடம்."

"என்ன ஸ்டோர்? அரிசி பருப்பா?"

கயலைப் பார்த்தான். கயல் ஜன்னலைப் பார்த்தாள். "எல்லாந்தான், மேடம்" என்றான்.

குடிப்பியா என்று கேட்டேன். இல்லை என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். டீ டம்ளரைக் கொடுக்கிற சாக்கில் குனிந்தேன். விரல்கள் தண்ணீரிலேயே கிடக்கிறவன் விரல் மாதிரி ஊறிப்போயிருந்தன. சட்டைக் கையிலிருந்து வந்தது அந்த வாசனை. சோப்பு, சென்ட் எல்லாவற்றையும் தாண்டி, லேசாக. சாராய வாசனை இல்லை அது, புளிக்கிற வாசனை.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு போன். எழுந்து பால்கனிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினான். கதவு சரியாகச் சாத்தவில்லை. "கை வைக்காதீக. இன்னும் பொங்கிக்கிட்டுத்தான் இருக்கு. ஆட்டிராதீக. காலையில நான் வந்து பாத்துக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குத் தெளிஞ்சிரும்."

கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். இந்த நாட்டில் பாரில் உட்கார்ந்து குடிக்கலாம். தானாக ஊறல் போடக் கூடாது. பிடித்தால் உள்ளே வைத்து, அப்புறம் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று கயலே ஒரு தடவை யாரோ ரூமில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லியிருக்கிறாள். இவனைக் கட்டிக்கொண்டால் அவளும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஸ்டேஷன் வாசலில் நிற்கிற பெண்டாட்டிகளை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள். என் மகள் அந்த வரிசையில் நிற்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

அன்றிரவு கயலிடம் மூச்சு விடவில்லை. ரெய்டுக்குப் போகிறதை முன்கூட்டியே சொன்னால் எவன் ஊறல் வைத்திருப்பான்?

வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும் கிளம்பினேன். ஹோட்டல் பெயர் குமரேசன் சட்டைப்பையில் செருகியிருந்த அடையாள அட்டையில் இருந்தது. ஈசா டவுன் பஸ் நிலையத்தில் சிவப்பு பஸ், ஏசி, ஏறினதும் தூக்கம் வருகிற மாதிரி சீட்டு. நான் ஏறினது எதிர்ப் பக்கம் போகிற பஸ் என்பது, ரிஃபா என்று போர்டு போட்ட ஊர் வந்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், காலில் சைட் பூட்ஸ், சட்டையில் சிமென்ட், என் முகத்தைப் பார்த்தே, "யம்மா, வழி தப்பிட்டீங்களா?" என்றார். அரியலூர்க்காரராம். தானாக வந்து உதவுகிறவனை நம்பாதே என்பது டிபார்ட்மெண்ட் பாடம். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹோட்டல் பெயரைச் சொன்னேன்.

"அங்க பப்புதானே இருக்கு?" என்று என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். இப்போது சந்தேகப்பட்டது அவர். "ஆளு பாக்கப் போறேன்" என்றேன். நம்பாத முகத்தோடுதான் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "இறங்குற எடத்தை டிரைவர்ட்ட சொல்லியிருக்கேன், யல்லா, கெளம்புங்க" என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

கடற்கரை ஓரம் பழைய சின்ன ஹோட்டல். அதன் பக்கவாட்டில் தனி வாசல். மேலே மரப்பலகையில் ஒரு வாத்தும் ஒரு வாளியும் வரைந்திருந்தது. அந்தக் கடையின் பெயரே அதுதானாம், வாத்தும் வாளியும். நம்ம ஊரில் பலசரக்குக் கடைக்குக்கூட சாமி பெயர்தான் வைப்பார்கள். வாத்து பெயர் வைத்தவனை முதல் நாளே பிடித்து விசாரித்திருப்பேன்.

உள்ளே போனால் அரையிருட்டு. தாழ்ந்த கூரை, கறுத்த உத்தரங்கள், தேய்ந்த மரப் பெஞ்சுகள், செங்கல் வைத்த கணப்பு. வெளியே நாற்பது டிகிரி வெயிலில் எதற்குக் கணப்பு? சுவர் முழுக்கப் பழைய போட்டோ: ஓர் இங்கிலாந்துக் கிராமத்துக் கடை, வாசலில் தாத்தா, அப்பா, பிள்ளைகள், ஒரு நாய். உத்தரத்தில் கொக்கி அடித்து, வாடிக்கைக்காரர்களுடைய குவளைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கே இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் டோமினோ கட்டை அடுக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை, ஒருவர்கூடத் தள்ளாடவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

கவுண்டரில் பியர் இழுக்க மரப்பிடி போட்ட மூன்று கைப்பம்புகள். பின்னால் நின்ற ஆள், பெயர் ஜெகன், மட்டக்களப்புக்காரர். என்னைக் கண்டதும், "வாங்கோ அம்மா, இருங்கோ" என்றார். அதற்குள் உள்ளேயிருந்து வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய, என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு இங்கிலீஷ்காரி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஹில்டா. கடை அவளுடையது. போட்டோவில் இருந்த கிராமத்துக் கடை அவள் அப்பாவுடையது. அவள் சொன்னது: "நீங்கள் குமாரின் அம்மாதானே! குடும்பம் வரப்போகிறது என்று சொன்னான். நாளைக்குத்தான் வருவீர்கள் என்று நினைத்தேன்!"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். நம்ம தலையாட்டலை வெள்ளைக்காரர்கள் எப்படியும் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

உட்காரவைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள். மாவால் மூடிச் சுட்ட ஒரு பதார்த்தம் கொடுத்தாள், பெயர் பை. உள்ளே என்ன கறி என்று தெரியாமல் நான் வாயில் வைக்கிறவளா? கரண்டியால் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கோழியும் காளானும். உப்பு போதாது. ஆனாலும் பஸ்ஸில் அலைந்த பசிக்கு முழுசும் தின்றேன்.

"உங்கள் பிள்ளையின் ராஜ்யத்தைப் பார்க்கிறீர்களா?" என்றாள் ஹில்டா. குமரேசன் துறைமுகம் வரை போயிருக்கிறானாம், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவானாம். ஜெகன் சாவி எடுத்துக்கொண்டு என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனார். கனத்த கதவு. உள்ளே மார்கழி மாதம் மாதிரி குளிர். "கவனம், ஒண்டையும் தொடாதேங்கோ" என்றார். மேலே மணி அடித்தது. "இந்தா வாறன்" என்று அவர் ஏறிப்போனார்.

மர மேடையில் மூன்று எஃகுப் பீப்பாய்கள் படுக்கவைத்திருந்தன. அசையாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. ஒவ்வொன்றின் மேல்புறமும் ஒரு துளை, அதில் சின்ன மரமுளை. முளையைச் சுற்றி நுரை கசிந்துகொண்டிருந்தது. காதை வைத்தேன், உஸ்ஸென்று சத்தம். மூக்கை வைத்தேன். சத்தியமாக ஊறல்தான்.

இதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இருபத்தாறு வருடம் ஊறல் பேரலைக் கண்டால் கை முதலில் என்ன செய்யுமோ அதைச் செய்தது. எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஆட்டிப் பார்ப்போம். ரிப்போர்ட்டில் லிட்டர் போட வேண்டும் இல்லையா? முட்டுக்கட்டையை உருவிவிட்டு முதல் பீப்பாயை இரு கையாலும் பிடித்து இங்கும் அங்கும் உருட்டி ஆட்டினேன். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதன் முளையைப் பிடுங்கினேன். நுரை பீறிட்டு முகத்திலும் புடவையிலும் அடித்தது. கையால் நெற்றியை வழித்துவிட்டு அவசரமாக முளையைச் செருகி, கட்டைகளை முட்டுக் கொடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு மேலே வந்தேன். ஹில்டா எதுவும் கேட்பதற்கு முன் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போகப் பிடித்த டாக்ஸியின் டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வண்டி ஓட்டினார்.

கயல் வருவதற்குள் புடவையை இரண்டு தடவை அலசிக் காயப்போட்டேன். அவளிடம் சொல்லப்போகிற வாக்கியத்தை மனசில் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் சாயங்காலம் அவளுக்குக் குமரேசனிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினாள்.

"கயலு, யாரோ பீப்பாயை ஆட்டிப்புட்டாக. மூணும் அடியோட கலங்கிப் போச்சு" என்றான். குரல் உடைந்திருந்தது. "நாளைக்கு மத்தியானம் ஆர்தர் ருசி பாக்குறாரு. எப்பிடித் தெளியும்?"

கயல் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அவன் போனை வைத்ததும், "இனிமே மறைச்சு என்ன ஆவப்போகுது" என்று அவளே எல்லாவற்றையும் சொன்னாள். குமரேசன் ஹோட்டல் ஸ்டோரில் இல்லை. அந்த பப்பில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்கிறவன். அது மற்ற பியர் மாதிரி வடிகட்டி கேஸ் அடித்தது இல்லை. ஹில்டாவின் அண்ணன் ஆர்தர் இங்கிலாந்துக் கிராமத்தில் செய்து விமானத்தில் அனுப்புகிறார். பீப்பாய்க்குள் அது உயிரோடு இருக்கும், கடைசிப் புளிப்பு இங்கே வந்துதான் முடியும். முளை வழியாக மூச்சு விட வேண்டும், வண்டல் அடியில் படிய வேண்டும், அசையவே கூடாது. எல்லாம் லைசென்ஸோடு நடக்கிற வேலை. இந்த வெயிலில் உயிரோடு வைத்திருக்கவே முடியாது, இவர்கள் சிலிண்டர் கேஸ் ஏற்றித் தன் குடும்பப் பெயரை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று ஆர்தருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். சோதித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். சரியில்லை என்றால் பீப்பாய் அனுப்புவதை நிறுத்திவிடுவார். பீப்பாய் இல்லையென்றால் குமரேசனுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

"இதை ஏன்டி முதல்லயே சொல்லல?"

"பப்புன்னு சொன்னா நீ ஃப்ளைட் ஏறியிருப்பியா?"

"ஏறியிருப்பேன். வாரண்ட்டோட."

அவள் சிரிக்கவில்லை. "அம்மா, வீட்ல என்ன ஒரு வாசனை?" என்றாள். "பஸ்ல யாரோ மேல எதையோ கொட்டிட்டான்" என்றேன். பொய் சொல்கிறவர்களைப் பிடித்தே காலம் தள்ளியவளுக்குப் பொய் இவ்வளவு சரளமாக வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அப்போது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் ஊருக்குப் போய்விடுவான், கல்யாணப் பேச்சு தானாக நின்றுவிடும். அந்தச் சந்தோஷத்தோடு படுத்தேன். காலையில் எழுந்தபோது அது இல்லை. வயிற்றில் அந்த பை மட்டும் செரிக்காமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைப் பப்புக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்பது கயலும் குமரேசனும் முன்பே போட்டிருந்த திட்டமாம். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கயல் விடவில்லை. உள்ளே நுழைந்ததும் ஹில்டா கையைப் பிடித்துக்கொண்டு, "குமாரின் அம்மா, மறுபடியும் வாங்க!" என்றாள். கயல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. குமரேசன் பார்க்கவே இல்லை. கைப்பம்பு பக்கத்தில் நின்று துணியால் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா தொண்டியில் இருக்கிறாள். தன் அம்மா வந்து போனதாக ஹில்டா சொல்லி அவன் கேட்டிருப்பான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆர்தர் உயரமான ஆள். பேசுவதற்கு முன் மூக்கால் மூச்சு விடுகிறவர். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மாட்டுக் குளம்பு பட்ட குட்டைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே வைத்தார். டோமினோ கிழவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

"இதை என் அப்பா பன்றிக்குக்கூட ஊற்றியிருக்க மாட்டார்" என்றார் ஆர்தர். "என்ன செய்தாய்?"

"தப்பு என்னுதுதான் சார். இடம் மாத்தி வைக்கப் போயி நான்தான் ஆட்டிட்டேன்" என்று குமரேசன் இங்கிலீஷில் சொன்னான்.

எத்தனையோ பொய் கேட்டவள் நான். தனக்குத் தண்டனை வாங்கித்தருகிற பொய்யை ஒருவன் நேராக நின்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னவன் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு ஏட்டம்மாவுக்கு இருக்கிற மானம்கூட எனக்கு இல்லாமல் போச்சே என்று இருந்தது. எழுந்து நின்றேன்.

"சார், ஐ மூவ்ட்" என்றேன். "த்ரீ பேரல். தர்ஸ்டே, ட்வெல்வ் தர்ட்டி. ஹி நாட் தேர். ஐ ஆம் நாட் மதர். ஐ ஆம் போலீஸ்."

போலீஸ் என்றதும் ஒரு கிழவர் கையிலிருந்த கிளாஸை மேஜைக்குக் கீழே வைத்தார். மிச்சத்தைத் தமிழில் சொன்னேன், கயல் இங்கிலீஷில் சொன்னாள். அவள் குரலில் ஈரமே இல்லை. நான் யார், எங்கே வேலை பார்த்தேன், எதற்காக வந்தேன், என்ன நினைத்தேன், பீப்பாய்களை என்ன செய்தேன், எல்லாம்.

ஆர்தர் கிளாஸைத் தள்ளி வைத்தார். அப்புறம் என்னிடம் நேராகக் கேட்டார்: "ஊறல் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?"

"முளையைச் சுத்தி நுரை. உள்ள உஸ்ஸுன்னு சத்தம். பிடுங்கினா பீறிட்டு அடிச்சுது. வாசனை, புளிப்பு ஏறிக்கிட்டு இருக்கிற வாசனை. செத்துப்போன ஊறல்னா காடி மாதிரி மூக்கைக் குத்தும். இது குத்தல. நல்லா இருந்துது" என்றேன்.

"சிலிண்டர் எதுவும் பீப்பாயோடு சேர்த்திருந்ததா? குழாய்?"

"ரெய்டுக்குப் போனா முதல்ல குழாய் எங்க போகுதுன்னுதான் பாப்பேன். ஒண்ணும் இல்ல. அந்த மரமுளையும் முன்னால ஒரு பித்தளைக் குழாயும் மட்டும்தான்."

கயல் இதைச் சொல்லும்போது முதல் முறையாகக் குரல் கொஞ்சம் ஏறியது. ஆர்தர் தங்கச்சியைப் பார்த்தார். "அப்படியென்றால் உயிரோடுதான் இருந்திருக்கிறது" என்றார். வாழ்க்கை முழுக்கச் சாராயத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னவள், அன்றைக்கு ஒரு பியர்க் கடைக்குச் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் அவர் சந்தேகம் தீரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கிறேன். தெளிந்தால் பார்க்கலாம். தெளியவில்லையென்றால் முடிந்தது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

சனிக்கிழமை கயல் என்னோடு பேசவில்லை. மீன் மார்க்கெட்டுக்கு மட்டும் கூட்டிப்போனாள், வீட்டில் இருவரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்பதால். ஹமூர் மீன் ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவுக்குக் கிடந்தது. ஒரு பெரிய மீனின் வயிற்றைக் கீறி வெள்ளையாக ஒரு பையை எடுத்து வீசினான் கடைக்காரன். அதைப் பார்த்துத்தான் அவள் வாய் திறந்தாள்.

"அவங்கப்பாவுக்கு இந்த வியாபாரம்தான். கூரல் மீன்ல இருக்கிற காத்துப்பை. நெட்டின்னு சொல்லுவாங்க. காய வெச்சு வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. அங்க அதைப் போட்டுத்தான் பியரைத் தெளிய வெப்பாங்களாம். இது எங்க போகுதுன்னு பாக்கணும்னுதான் இவரு இந்த வேலைக்கே வந்தாரு."

"மீன் வயித்துல இருக்கிறதைப் போட்டா பியரைத் தெளிய வைக்கறாங்க?" என்றேன்.

"ஆமா. அதையும் சந்தேகப்படு" என்றாள்.

அன்று முழுக்கக் குமரேசன் கீழ்த்தளத்திலேயே கிடந்தானாம். நெட்டிக் கரைசல் இன்னும் கொஞ்சம் விட்டு, குளிரைச் சரி பார்த்து, முளையை இறுக்கி. கடவுள் நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் கம்மிதான். ஆனாலும் அன்று ராத்திரி மாரியம்மனிடம் பியர் தெளிய வேண்டிக்கொண்டேன். ஆத்தாவுக்கு இப்படி ஒரு வேண்டுதல் அதற்கு முன் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு விமானம். மத்தியானம் பெட்டியோடு பப்புக்குப் போனோம். ஆர்தரே பம்பை இழுத்தார். முதல் கிளாஸைக் கீழே கொட்டினார். இரண்டாவது, கலங்கல் தெரிந்தது. அடுத்த பீப்பாயின் பம்பை இழுத்தார். கிளாஸைத் தூக்கினார். நல்ல டீ டிகாக்ஷன் நிறம். அந்தப் பக்கம் நின்ற ஜெகனின் மூக்கு அதன் வழியாகத் தெரிந்தது. மூன்றாவது பீப்பாயிலும் அதே தெளிவு.

ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். மூக்கால் மூச்சு விட்டார். "மூன்றில் ஒன்று வீணாகிவிட்டது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் குமரேசன் தோளில் கை வைத்து, "அடுத்த மாதம் நான்கு அனுப்புகிறேன்" என்றார். ஹில்டா அழுதுவிட்டாள். கிழவர்கள் மேஜையைத் தட்டினார்கள். எனக்கு ஒரு கிளாஸ் நீட்டினார்கள். நான் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு மூக்கு போதும்.

விமான நிலையத்துக்குக் குமரேசனும் வந்தான். கயல் தள்ளுவண்டி எடுக்கப் போனாள். நானும் அவனும் மட்டும் நின்றோம்.

"தம்பி, நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். யாரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தை.

"பரவாயில்ல. ஸ்டோருன்னு பொய் சொன்னது நாங்கதானே, அத்தை."

"நான்தான் ஆட்டினேன்னு வியாழக்கிழமையே தெரியுமா?"

"ஹில்டாம்மா சொன்னப்பவே தெரியும். பீப்பாயில மூணு விரல் குங்குமம் வேற ஒட்டியிருந்துச்சு."

"அப்புறம் ஏன் பழியை உங்க மேல போட்டுக்கிட்டீங்க? ஏன் கயல்கிட்டகூடச் சொல்லல?"

சிரித்தான். "நீங்களா சொல்றீகளான்னு பாத்தேன். நீங்க மட்டுந்தான் விசாரிக்கணுமா? மாமியாரு எப்பிடின்னு நானும் பாக்கணும்ல?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இருபத்தாறு வருடம் சர்வீஸ் போட்ட என்னை ஒருவன் வேவு பார்த்தது எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. "பாத்தீங்களா? என்ன முடிவு?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"ஒரு நாள் லேட்டு" என்றான். "இருந்தாலும் சொல்லிட்டீக."

கயல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெட்டியைத் தூக்கி வைத்தவன் அவன்தான். உள்ளே போய் உட்கார்ந்ததும் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். மெதுவாக, பயந்துகொண்டே, "பையன் எப்படி?" என்று கேட்டார்.

"கவலைப்படாதீங்க" என்றேன். "அவன் நமக்குச் சம்மதம் சொல்லிட்டான்."